மலைச் சமையலறைக்கு ஒரு நல்ல கத்தி: வாங்குவது முதல் தீட்டுவது வரை

பக்கத்து வீட்டுக்கு இந்தத் தை மாதம் திருப்பூரிலிருந்து மருமகள் வந்தாள். வந்த மூன்றாம் நாளே கட்டைவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசலில் நின்றாள். பீட்ரூட் நறுக்கப் போயிருக்கிறாள். கத்தி வழுக்கிவிட்டது.

“கத்தி கூர்கூட இல்லீங்க்கா, மொக்கைக் கத்திதான். அப்புறம் எப்படி இப்படி ஆழமா வெட்டுச்சுன்னே தெரியல.”

“மொக்கையா இருந்ததாலதான் கண்ணு வெட்டுச்சு” என்றேன்.

அவளுக்கு மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு உட்கார வைத்துச் சொன்னதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். கூர் உள்ள கத்தி காயின் தோலைத் தொட்டதும் உள்ளே இறங்கிவிடும். மழுங்கிய கத்தி தோலின் மேல் நிற்கும். நாம் அழுத்துவோம். அழுத்த அழுத்த அது ஏதாவது ஒரு பக்கம் சறுக்கும், அந்தப் பக்கத்தில்தான் நம் விரல் இருக்கும். எனக்கும் இப்படித்தான் நடந்தது. இடது கை ஆள்காட்டி விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. அதுவும் பீட்ரூட்தான்.

பொள்ளாச்சியிலிருந்து குன்னூருக்கு நான் வாக்கப்பட்டு வந்து 26 வருடம் ஆகிறது. அம்மா வீட்டில் எல்லாமே அரிவாள்மனைதான். தரையில் உட்கார்ந்து, ஒரு காலை மடித்து, பலகையை மிதித்துக்கொண்டு இரண்டு கையாலும் காயைத் தள்ளினால் போதும், வேலை பறக்கும். இங்கே மார்கழியில் அந்தச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்து பாருங்கள், இடுப்புவரை குளிர் ஏறும். அதனால்தான் மலையில் மேடை சமையலுக்கும் கத்திக்கும் மாறினேன். கத்தியைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பணத்தையும் விரலையும் செலவழித்துக் கற்றுக்கொண்டேன். நீங்கள் அப்படிக் கற்க வேண்டாம்.

முதலில் உங்கள் காய்க்கூடை

கடைக்குப் போவதற்கு முன் ஒரு வாரம் நீங்கள் என்னென்ன நறுக்குகிறீர்கள் என்று கவனியுங்கள். சமவெளியில் வெண்டை, கத்திரி, முருங்கை, வாழைக்காய் என்று மென்மையான காய்கள்தான் அதிகம். அவற்றுக்குச் சின்னக் கத்தியே போதும். இங்கே நம் சந்தையில் கிடைப்பது கேரட், பீட்ரூட், உருளை, நூல்கோல், டர்னிப், முள்ளங்கி, முட்டைகோஸ், காலிஃபிளவர், மேரக்காய் (சௌசௌ). பெரும்பாலும் மண்ணுக்குள் விளைந்த கெட்டிக் காய்கள். கோஸ் ஒன்றை எடுத்தால் குழந்தைத் தலை அளவு இருக்கும். நாலங்குலக் கத்தியால் அதை இரண்டாகப் பிளக்கப் பார்த்தால், கத்தி நடுவில் மாட்டிக்கொள்ளும். பிடுங்கும்போதுதான் விபத்து.

மலையில் சீராக நறுக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உயரம் கூடக்கூட தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதிக்கும், குன்னூரில் 94-ஐ ஒட்டி. கொதிக்கிறதே என்று பார்ப்போம், உருளை வேகாது. குக்கர் வைக்காமல் திறந்த சட்டியில் கூட்டோ பொரியலோ செய்யும்போது, ஒரு துண்டு பெரிதாகவும் ஒரு துண்டு சின்னதாகவும் இருந்தால், சின்னது குழைந்த பிறகும் பெரிது நறநறவென்று இருக்கும். புதிதாக மலைக்கு வந்தவர்கள் “காய் வேகவே மாட்டேங்குது” என்று அடுப்பைக் குறை சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். பாதிக் குறை நறுக்கினதில் இருக்கும்.

எத்தனை கத்தி வேண்டும்

மூன்று போதும்.

ஒன்று பெரிது. அலகு மட்டும் எட்டு அங்குலம், அதாவது 20 சென்டிமீட்டர். கை சின்னதாக இருப்பவர்கள் ஆறரை, ஏழு அங்குலம் எடுக்கலாம், அதற்குக் கீழே போக வேண்டாம். வீட்டு வேலையில் பத்தில் எட்டுப் பங்கை இதுவே செய்துவிடும். இரண்டாவது சின்னது, மூன்று முதல் மூன்றரை அங்குலம். பூண்டு உரிக்க, உருளையின் கண்ணைத் தோண்ட, காலிஃபிளவரைப் பின்பக்கமிருந்து பூப்பூவாகப் பிரிக்க, பேரிக்காய் சீவ. மூன்றாவது ரம்பம் மாதிரிப் பல் வைத்த கத்தி. பேக்கரியில் முழு ரொட்டி வாங்கி வீட்டில் வெட்டுகிறவர்களுக்கு மட்டும். நன்றாகப் பழுத்த தக்காளிக்கும் பிளம்ஸ் பழத்துக்கும்கூட அது நன்றாக இருக்கும். துண்டு போட்ட ரொட்டி வாங்குகிற வீடாக இருந்தால் இதையும் விட்டுவிடுங்கள்.

கறியைக் கடையிலேயே வெட்டித் தருகிறார்கள், மீனும் அப்படியே. வெட்டுக்கத்தி வீட்டில் சும்மா கிடந்து துருப்பிடிக்கும்.

பணத்தைப் பிரிக்கும்போது, கத்திக்கென்று ஒதுக்கியதில் பாதிக்கு மேல் அந்த ஒரு பெரிய கத்திக்கே போகட்டும். சின்னக் கத்தி மலிவாக இருந்தால் பரவாயில்லை.

பன்னிரண்டு கத்தியைக் கட்டையில் சொருகி விற்கும் செட்டை மட்டும் வாங்காதீர்கள். ஒரு பொருட்காட்சியில் நான் வாங்கினேன். பார்க்க மிக அழகு. முதல் ஆடி மழையிலேயே கட்டையின் ஓட்டைகளுக்குள் பூஞ்சை பூத்துவிட்டது. மூன்று கத்திகளில் ரிவிட் ஆடியது. பன்னிரண்டில் நான் கையால் தொட்டது இரண்டுதான். அந்தப் பணத்துக்கு ஒரே ஒரு நல்ல கத்தி வந்திருக்கும், இன்றுவரை உழைத்தும் இருக்கும்.

எந்த இரும்பு

இங்கேதான் புதியவர்கள் குழம்புவார்கள். விஷயம் எளிது. இரும்போடு கொஞ்சம் கரி, அதாவது கார்பன், சேர்ந்தால் எஃகு. கரி கூடினால் கெட்டிப்படும், கூர் நிற்கும். அதோடு குரோமியம் 10.5 சதவீதத்துக்கு மேல் சேர்ந்தால் துரு எளிதில் பிடிக்காது. அதைத்தான் எவர்சில்வர் என்றும் ஸ்டெயின்லெஸ் என்றும் சொல்கிறோம்.

ஆனால் எல்லா எவர்சில்வரும் கத்திக்கு ஆகாது. நம் சாப்பாட்டுத் தட்டு, டம்ளர் பெரும்பாலும் நிக்கல் சேர்ந்த எவர்சில்வரில் செய்வது. அதை எவ்வளவு காய்ச்சித் தோய்த்தாலும் கெட்டிப்படாது. அதில் கத்தி செய்தால் முதல் நாள் பளபளக்கும், ஒரு வாரத்தில் மொக்கை. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஃபிரிட்ஜில் ஒட்டி வைக்கும் சின்னக் காந்தத்தைக் கடைக்கு எடுத்துப்போங்கள். அலகில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அந்தக் கத்தியை வைத்துவிடுங்கள். ஒட்டினால் நல்ல கத்தி என்று உறுதி சொல்ல முடியாது, பரிசோதனையில் முதல் படி தாண்டிவிட்டது என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

இனி வீட்டுக்கு எது? மூன்று வகை கண்ணில் படும்.

ஐரோப்பியப் பாணி ஸ்டெயின்லெஸ் கத்தி. ஜெர்மனியின் சோலிங்கன் ஊரிலும் சுவிட்சர்லாந்திலும் செய்கிற பல கத்திகளின் எஃகில் கரி அரை சதவீதம், குரோமியம் 15 சதவீதம். கடினத்தைக் குறிக்கும் ராக்வெல் அளவில் 55 முதல் 58 வரை இருக்கும். பெட்டியில் ‘எச்ஆர்சி’ என்று போட்டிருப்பது அதுதான். சீக்கிரம் கொஞ்சம் கூர் இறங்கும், ஆனால் சாதாரணக் கல்லில் பத்து நிமிடத்தில் திரும்ப ஏறிவிடும். கீழே விழுந்தாலும் உடையாது. ஈரத்தைத் தாங்கும். முதல் கத்தி வாங்குபவருக்கு நான் சொல்வது இதைத்தான். இந்தியாவிலேயே செய்யும் கத்திகளிலும் இந்த அளவு உள்ளவை கிடைக்கின்றன.

ஜப்பானியப் பாணிக் கத்தி. ராக்வெல் 60-ஐத் தொட்டும் தாண்டியும் போகும். முடியை இரண்டாக வகிரும் கூர், அது நிறைய நாள் நிற்கவும் செய்யும். ஆனால் கெட்டிப்பட்ட எஃகு வளையாது, பொரிந்துவிடும். தேங்காய் ஓட்டைத் தட்டினாலோ, ஐஸ் பிடித்த கறியை வெட்டினாலோ, கெட்டிக் காயில் குத்தித் திருகினாலோ விளிம்பில் பல் விழும். ஒரு கத்தியைப் பழகி, தீட்டத் தெரிந்த பிறகு இதை வாங்குங்கள்.

மூன்றாவது பட்டறைக் கத்தி. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் ஊர்ச் சொத்து. கோத்தகிரி என்ற பெயரே கோத்தர்களால் வந்தது. நீலகிரியில் ஏழு ஊர்களில் வாழும் அந்த மக்கள்தான் தலைமுறை தலைமுறையாக இந்த மலைக்கு இரும்பு வேலை செய்து கொடுத்தவர்கள். படுகர் வீட்டு அரிவாளும் தோடர் வீட்டுக் கோடாரியும் அவர்கள் உலையில் அடித்தவை. மலையை விட்டு இறங்கிக் கிழக்கே நொய்யல் கரைக்குப் போனால் கொடுமணல். அங்கே அகழாய்வில் இரண்டாயிரம் வருடத்துக்கும் முந்தைய இரும்பு உலைகள் கிடைத்திருக்கின்றன. எஃகு என்றாலே வெளிநாடு என்று நினைக்கிற நாம் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்று பட்டறைகளில் பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்துத்தான் கத்தி செய்கிறார்கள். அது கரி உள்ள நல்ல எஃகு. கொல்லர் கைப்பக்குவமாகத் தோய்ச்சல் போட்டால், விலைக்கு அதைவிட நல்ல கத்தி கிடையாது. தீட்டவும் சுலபம். குறை ஒன்றுதான், துரு. எலுமிச்சையோ மரத்தக்காளியோ வெட்டித் துடைக்காமல் விட்டால் பத்து நிமிடத்தில் கறுப்பு படியும். வாழைக்காயும் வாழைப்பூவும் அலகைக் கருநீலமாக்கும். அந்தக் கருமை கெடுதல் இல்லை, போகப்போக அதுவே ஒரு போர்வை மாதிரி அலகைக் காக்கும். செந்நிறத் துரு வந்தால்தான் கவலைப்பட வேண்டும். பட்டறையில் சொல்லிச் செய்வதாக இருந்தால், “வீட்டுக் காய்க்கு வேணும், அலகு மெல்லிசா இருக்கட்டும்” என்று தெளிவாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தேங்காய் வெட்டுகிற தடிமனில் அடித்துத் தந்துவிடுவார்கள்.

பீங்கான் கத்தி துருப்பிடிக்காது என்று விற்பார்கள். உண்மைதான். ஆனால் வீட்டுக் கல்லில் தீட்ட முடியாது, கைதவறி விழுந்தால் இரண்டு துண்டு. அலகில் அலை அலையாக வரி ஓடும் கத்தியைப் பார்த்தும் மயங்காதீர்கள். அடுக்கடுக்காக எஃகை மடித்து அடித்ததால் வரும் வரியும் உண்டு, லேசரில் வரைந்த வரியும் உண்டு. எந்த வரியும் காய் நறுக்காது, விளிம்புதான் நறுக்கும்.

கடையில் கையில் எடுத்துப் பார்ப்பது

திருப்பூர் மருமகளைக் கூட்டிக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். “அக்கா, நாப்பது கத்தி தொங்குதுங்க, எதை எடுக்கறதுன்னே தெரியல” என்றாள். அவளுக்குக் காட்டிய வரிசை இது.

அட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

கொத்தனார் கோல் பார்ப்பதுபோல, கத்தியைக் கண்ணுக்கு நேரே நீட்டி, கைப்பிடிப் பக்கமிருந்து முனைவரை முதுகைப் பாருங்கள். வளைவு தெரிந்தால் வேண்டாம். அடுத்து, முதுகின் தடிமன். இரண்டு மில்லிமீட்டரை ஒட்டி இருந்தால் நல்லது. முக்கியமாக, விளிம்புக்கு சற்று மேலே இரண்டு விரலால் மெல்லக் கிள்ளிப் பாருங்கள், அங்கே மெலிந்து வர வேண்டும். அங்கே தடித்திருக்கும் கத்தி எவ்வளவு கூராக இருந்தாலும் ஆப்பு மாதிரிதான் வேலை செய்யும். கேரட்டில் வைத்து அழுத்தினால் நறுக்காது, ‘டக்’கென்று பிளக்கும், துண்டு தரையில் உருண்டு ஓடும். உங்கள் வீட்டில் கேரட் துண்டு அடிக்கடி பறக்கிறதா? காரணம் இதுதான்.

பலகை மேல் கத்தியை நறுக்கும் வாக்கில் வையுங்கள். விளிம்பு முனையிலிருந்து அடிவரை, அதாவது கைப்பிடியை ஒட்டிய பக்கம்வரை, மெல்லிய வளைவாகப் படிய வேண்டும். அடிப்பக்கம் எங்காவது வெளிச்சம் தெரியும் குழி இருந்தால், அந்த இடத்தில் கீரையும் வெங்காயத்தாளும் அறுபடாமல் மாலை மாலையாகத் தொங்கும். அதே நிலையில் கைப்பிடியைப் பிடித்துப் பாருங்கள். விரல் முட்டி பலகையில் இடிக்கக் கூடாது. அலகின் அகலம் நாலு, நாலரை சென்டிமீட்டர் இருந்தால் இடிக்காது.

பிறகு கைப்பிடி. அலகின் இரும்பு கைப்பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள். கடைசிவரை போயிருந்தால் நல்லது. கைப்பிடியின் முதுகில் இரும்புக் கோடு தெரியும். பிளாஸ்டிக் வார்த்த கைப்பிடியாக இருந்தால் உள்ளே தெரியாது, அப்போது அலகையும் பிடியையும் இரண்டு கையால் பிடித்து லேசாக முறுக்கிப் பாருங்கள். அசைவோ ‘கிறீச்’ சத்தமோ இருக்கக் கூடாது. ரிவிட் தலைகளைக் கட்டைவிரலால் தடவுங்கள். மேடு தட்டினால் அந்த இடுக்கில் தண்ணீர் இறங்கும், நம் ஊர் மழையில் அது காயவே காயாது.

முழுக்க முழுக்க இரும்பாலான கைப்பிடி உள்ள கத்திகள் இப்போது நிறைய வருகின்றன. பார்க்கச் சுத்தமாக இருக்கும். சமவெளிக்காரர்கள் தாராளமாக வாங்கட்டும். நீர்ப்பனி இறங்குகிற மார்கழிக் காலையில், குழாய்த் தண்ணீரில் காய் கழுவி விரல் மரத்துப்போன பிறகு, அந்த இரும்புப் பிடியைத் தொட்டுப் பாருங்கள். ஐஸ் கட்டி. ஈரமும் சேர்ந்தால் பிடியே நிற்காது. மரம், அல்லது சொரசொரப்பான கெட்டி பிளாஸ்டிக், இரண்டில் ஒன்று எடுங்கள். மழை நிறையப் பெய்கிற கூடலூர், தேவாலாப் பக்கம் இருப்பவர்களுக்கு பிளாஸ்டிக்தான் என் யோசனை.

கடைசியாகப் பிடித்துப் பாருங்கள். பிடியை மட்டும் இறுக்குவது எல்லாரும் செய்வது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அலகின் அடியைக் கிள்ளிப் பிடித்து, மற்ற மூன்று விரல் பிடியைச் சுற்ற வேண்டும். அப்படிப் பிடிக்கும்போது கத்தி முன்னே சாயாமலும் பின்னே சாயாமலும் கையில் இருந்தால், அது உங்கள் கத்தி. முதுகின் ஓரம் விரலை அறுக்கிறதா என்றும் பாருங்கள். அவள் ஐந்து கத்தியை இப்படிப் பிடித்துப் பார்த்து, ஆறாவதை எடுத்ததும் முகம் மாறியது. “இது என்னுதுங்க்கா” என்றாள். விலையில் அது நடுத்தரம்.

புதுக் கத்தியின் கூரைப் பார்த்து வாங்கத் தேவையில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தொழிற்சாலையில் போட்ட கூர் எப்படியும் சில மாதத்தில் இறங்கிவிடும். அதற்குப் பிறகு நாம் போடுகிற கூர்தான். அதனால் கத்தி வாங்குகிற அன்றைக்கே கல்லும் வாங்கிவிட வேண்டும். அவளை ஹார்டுவேர் கடைக்கும் கூட்டிப்போய், ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமாக இருக்கும் கார்போரண்டம் கல்லை வாங்க வைத்தேன். எட்டு அங்குல நீளம் இருக்கட்டும், சின்னக் கல்லில் கை பழகாது. நம்பர் போட்டு விற்கும் கல்லாக இருந்தால் (நம்பர் கூடக்கூட நைஸ்) 400, 1000 இரண்டும் சேர்ந்தது ஒன்று போதும்.

பலகை

கண்ணாடிப் பலகை, கிரானைட் மேடை, எவர்சில்வர் தட்டு, இந்த மூன்றின் மேலும் நறுக்காதீர்கள். எவ்வளவு நல்ல கத்தியும் பத்து நாளில் போய்விடும். மரப்பலகை நல்லது. வேம்பு, மா, புளி எதுவானாலும் சரி. கறிக்கடையில் வருடக்கணக்கில் வெட்டு வாங்குவது புளியங்கட்டைதானே. பலகையின் அடியில் ஈரத்துணி ஒன்றை விரித்தால் நகராது. கழுவிய பலகையைப் படுக்க வைக்காமல் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள், இரண்டு பக்கமும் காற்றுப் பட வேண்டும். மழைக்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில்.

தீட்டுவது

சமவெளியில் சாணை பிடிப்பவர் சைக்கிளில் தெருத்தெருவாக வருவார். எங்கள் தெருவுக்கு ஏற்றம் ஏறி அவர் வருவது எப்போதாவதுதான். வந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். வேகமாகச் சுற்றும் சாணைக் கல்லில் விளிம்பை அழுத்தி வைத்தால் சூடு ஏறும். அலகின் ஓரத்தில் முதலில் வைக்கோல் நிறம், பிறகு நீலம் பாரிக்கும். நீலம் வந்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் போயிற்று, அந்த இடம் இனிமேல் கூர் நிற்காது. “அடிக்கடி தண்ணியில முக்கிப் பிடிங்கண்ணா” என்று சொல்லுங்கள், அனுபவசாலிகள் தாங்களே அப்படித்தான் செய்வார்கள்.

வீட்டில் செய்வது இப்படி. கல்லைத் தண்ணீரில் போடுங்கள், குமிழி அடங்கும்வரை பத்து நிமிடம் ஊறட்டும். ஈரத்துணியின் மேல் கல்லை வைத்து, அதன் நீளம் உங்களிடமிருந்து எதிரே நீண்டு இருக்கும்படி திருப்பிக்கொள்ளுங்கள். கத்தி ரொம்ப மழுங்கியிருந்தால் சொரசொரப் பக்கம், இல்லையென்றால் நைஸ் பக்கமே போதும்.

கத்தியைக் கல்லின் மேல் படுக்க வைத்து, முதுகை மட்டும் தூக்குங்கள். எவ்வளவு? முதுகுக்கும் கல்லுக்கும் நடுவே உங்கள் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவு. நாலரை சென்டிமீட்டர் அகலக் கத்திக்கு அது 15 முதல் 18 டிகிரிக்குள் வரும். டிகிரிக் கணக்கைவிட முக்கியம், ஆரம்பித்த சாய்வு கடைசிவரை மாறாமல் இருப்பது. மணிக்கட்டு ஆடக் கூடாது, தோளிலிருந்து தள்ளுங்கள். இடது கையின் இரண்டு விரலை அலகின் மேல், கல்லில் படுகிற இடத்துக்கு நேர் மேலே வைத்து, உருளைத் தோல் சீவும் அளவு அழுத்தம் கொடுங்கள். அடியிலிருந்து முனைவரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே முன்னும் பின்னும் தேயுங்கள். கல்லில் கருஞ்சேறு வரும். அதைக் கழுவிவிட வேண்டாம், அதுவும் சேர்ந்துதான் தேய்க்கிறது. காய்ந்தால் மட்டும் தண்ணீர் தெளியுங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. எண்ணிக்கை கிடையாது. பிசிறு வர வேண்டும். ஒரு பக்கம் தேய்த்தபின், மறுபக்கத்தில் முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, வெளியே விலகும் திசையில் பெருவிரலால் தடவிப் பாருங்கள். விளிம்பை ஒட்டி நகத்தில் மாட்டும் மெல்லிய கம்பி மாதிரி ஒன்று தட்டும். அது அடியிலிருந்து முனைவரை விட்டுப்போகாமல் தட்டினால் அந்தப் பக்கம் முடிந்தது. நடுவில் தட்டி முனையில் தட்டவில்லை என்றால் முனையை இன்னும் தேய்க்க வேண்டும். பிறகு கத்தியைத் திருப்பி மறுபக்கம், இதே மாதிரி பிசிறு இந்தப் பக்கம் வரும்வரை.

புதிதாகத் தீட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தப் பிசிறு வருவதற்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். “அரை மணி தேச்சேன், கூர் வரல” என்பார்கள். பொறுமையாகப் பிசிறைத் தேடுங்கள். வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பிசிறை எடுப்பது மீதி. நைஸ் பக்கத்தில், அழுத்தமே இல்லாமல், கத்தியின் சொந்த எடையோடு, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி எட்டுப் பத்து முறை இழுங்கள். கடைசியில் பழைய ஜீன்ஸ் துணியிலோ தடித்த அட்டையிலோ விளிம்பு பின்னால் வரும்படி நாலு முறை தடவுங்கள். இப்போது ஒரு நாளிதழ்த் தாளை ஒரு கையில் தொங்கவிட்டு மேலிருந்து அறுத்துப் பாருங்கள். கிழிக்காமல் ‘சர்’ரென்று இறங்க வேண்டும். எங்காவது மாட்டிக் கிழித்தால் விளிம்பின் அந்த இடத்தில் இன்னும் பிசிறு இருக்கிறது. இன்னொரு சோதனை, விளக்கு வெளிச்சத்தில் விளிம்பைக் கண்ணுக்கு நேரே பிடிப்பது. கூரான விளிம்பு தெரியவே தெரியாது. எங்கே வெள்ளைப் புள்ளியாக மின்னுகிறதோ அங்கே மொக்கை.

இதை மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். இடையில் கூர் சற்று மடங்கும், கறிக்கடை பாய் இடுப்பில் தொங்குமே, அந்த இரும்புக் கம்பி அதற்குத்தான். வீட்டில் கம்பி இல்லையென்றால் டீக் கோப்பையைக் கவிழ்த்துங்கள். பீங்கான் கோப்பையின் அடியில் பளபளப்பில்லாத வளையம் ஒன்று இருக்கும். அதில் அதே சாய்வில் பக்கத்துக்கு நாலு இழுப்பு. சமைக்கும் முன் இதைச் செய்து பழகினால் கல்லுக்கு வேலை குறையும். பல் கத்தியை மட்டும் கல்லில் தீட்ட முயல வேண்டாம், பல் தேய்ந்துவிடும்.

மழையும் மூடுபனியும்

ஜூன் முதல் ஊட்டி, கூடலூர்ப் பக்கம் தென்மேற்கு மழை. ஐப்பசி கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு. இரண்டுக்கும் நடுவில் மூடுபனி. ஜன்னலைத் திறந்தால் சமையலறைக்குள்ளேயே வந்து நிற்கும். ஆக வருடத்தில் பாதி நாள் நம் கத்தி ஈரக்காற்றில்தான் இருக்கிறது. ஸ்டெயின்லெஸ்கூட, உப்பும் புளியும் பட்டு ஈரத்தோடு கிடந்தால், குத்துக் குத்தாகத் துரு விடும்.

நறுக்கி முடித்த கையோடு கழுவி, துடைத்து வைத்துவிடுங்கள். சிங்க்கில் பாத்திரங்களோடு போட்டு வைக்கவே கூடாது. கூரும் போகும், நுரைக்குள் கைவிடுகிறவர் விரலும் போகும். துடைக்கும்போது முதுகுப் பக்கமிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். இழுப்பறையில் மற்ற கரண்டிகளோடு போடுவதானால், அட்டையை மடித்து டேப் ஒட்டி உறை செய்துகொள்ளுங்கள். ஈரம் கோத்த உறையை அவ்வப்போது மாற்றுங்கள். சுவரில் ஒட்டும் காந்தப் பட்டை மலைக்கு இன்னும் நல்லது, காற்றோட்டம் இருக்கும். பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள்.

பட்டறைக் கத்திக்குத் தினமும் ஒரு சொட்டு எண்ணெய் தடவ வேண்டும். நல்லெண்ணெய் நாளானால் பிசுபிசுப்பாகும். தேங்காய் எண்ணெய்தான் சரி. நம் ஊரில் அது வருடத்தில் பாதி நாள் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கும். அதனால் நான் அதை வாயகன்ற சின்ன டப்பாவில் ஊற்றி வைத்திருக்கிறேன். விரலால் ஒரு கீறு எடுத்து உள்ளங்கையில் தேய்த்தால் உருகிவிடும், அதை அலகின் இரண்டு பக்கமும் முதுகிலிருந்து தடவிவிட்டால் ஆயிற்று. செந்துரு வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். பாதி வெட்டிய உருளைக்கிழங்கில் சமையல் சோடாவைத் தொட்டு, பலகை மேல் அலகைப் படுக்க வைத்துத் தேய்த்தால் போய்விடும்.

முதல் வாரம் நறுக்கும்போது

கூர் உள்ள கத்தி கைக்குப் புதிது, முதல் வாரம் நிதானமாகப் போங்கள். காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்ளே மடக்கிக்கொள்ளுங்கள். கத்தியின் பக்கம், மடங்கிய விரலின் முட்டியில் உரசிக்கொண்டே இறங்கட்டும். உருண்டைக் காயை உருண்டையாகவே வைத்து நறுக்காதீர்கள். பீட்ரூட், நூல்கோல், கேரட் எதுவானாலும் முதலில் ஒரு பக்கத்தில் மெல்லிசாக ஒரு வில்லை சீவி, அந்தத் தட்டையான பக்கம் பலகையில் படியும்படி வைத்துக்கொண்டு மேலே போங்கள். கோஸைத் தண்டு மேலே பார்க்கும்படி கவிழ்த்து வைத்து, தண்டின் நடுவே பிளந்து, பிறகு கால் கால் துண்டாக்கி நறுக்குங்கள். மேரக்காய் வெட்டினால் பால் வடிந்து கையில் பசை மாதிரி ஒட்டும், கத்திப் பிடியும் வழுக்கும். தண்ணீர்க் கிண்ணத்தில் முக்கி வைத்து நறுக்கினால் தொல்லை இல்லை. பட்டர் ஃப்ரூட்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொட்டையைக் கத்தியால் குத்தி எடுக்கும் பழக்கம் மட்டும் யாருக்கும் வேண்டாம், கரண்டியால் எடுங்கள்.

கத்தியை ஒருவர் கேட்டால் கையில் கொடுக்காமல் மேடையில் வையுங்கள், அவர் எடுத்துக்கொள்ளட்டும். பாட்டி காலத்துப் பழக்கம், அதைவிடப் பாதுகாப்பான வழி இன்னும் வரவில்லை.

புதுக் கத்தி வந்ததும் பழைய மொக்கைக் கத்தியைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். காலையில் குப்பையைக் கையால் பிரிக்கிற அம்மாக்களின் கையில்தான் அது குத்தும். அட்டையில் சுற்றி, நூலால் இறுகக் கட்டி, மேலே ‘கத்தி’ என்று பேனாவால் எழுதிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுங்கள்.